வெந்நீர் வைக்கத் தெரியாத வீரர்களுக்கு

சென்ற மாதம் தஞ்சாவூரில் ஓய்வூதியர் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். அகவிலைப்படி, மருத்துவக் காப்பீடு என்று வழக்கமான பேச்செல்லாம் முடிந்து காபி வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர், "நமக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது சார். முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ்ல அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தது கிடையாது" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பதக்கம் வாங்கிய ஆளைப் பார்ப்பது போல ஒரு பார்வை வேறு.

"நான் வாரத்தில் இரண்டு நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மீன் சமைக்கிறேன்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரசம், துவையல்னாகூட ஒத்துக்குவேன். மீனெல்லாம் பொம்பளைங்க கைப்பக்குவம் சார். நமக்கு வராது" என்றார்.

கூட்டத்தில் சண்டை வேண்டாமென்று காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: சமைக்கத் தெரியாது என்பது எழுபது வயதில் பெருமைப்படும் விஷயமே அல்ல. புதிதாகச் சமைக்க வருகிறவனுக்கு மீனைவிட எளிதான பாடமும் கிடையாது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். அறுபத்தாறு வயது வரை நானும் அந்த நண்பரின் கட்சிதான்.

எனக்குச் சொந்த ஊர் காரைக்கால். என் மனைவி கும்பகோணம் பக்கத்துச் சைவக் குடும்பம். பிறந்த வீட்டுக்குள் முட்டைகூட நுழைந்தது கிடையாது. 1976இல் கல்யாணமாகி வந்தாள். எங்கள் வீட்டிலோ வெள்ளி, அமாவாசை, கார்த்திகை போக மற்ற நாளெல்லாம் மீன். வந்த மூன்றாம் வாரம் என் அம்மா அரிவாள்மனையையும் ஒரு சட்டி சாளையையும் அவள் முன்னால் வைத்துவிட்டாள். முதல் சில நாட்கள் கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தாள். ஒரே மாதத்தில் ஆயவும் கழுவவும் குழம்பு வைக்கவும் கற்றுக்கொண்டுவிட்டாள். அப்போது அவளுக்கு வயது இருபது.

இன்றுவரை அவள் மீன் சாப்பிட்டதில்லை. நாக்கில் வைக்காமலே நாற்பத்தோரு வருடம் மீன் குழம்புக்கு உப்புப் போட்டாள். சட்டியிலிருந்து எழும் ஆவியை முகர்ந்து, "ஒரு கல்லு கம்மியா இருக்கு" என்பாள், சரியாகவே இருக்கும். விருந்தாளி வந்தால் இதை நான் ஒரு வித்தை போலச் சொல்லிக் காட்டுவேன். அதில் என் பெருமை எதுவும் இல்லை என்பது மட்டும் புத்தியில் ஏறவில்லை.

2017இல் கொல்லைக் குழாயடியில் வழுக்கி விழுந்து அவளுக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கட்டு. முதல் வாரம் ஓட்டல் பார்சலில் ஓடியது. ஒரு கையால் சாம்பார்ப் பொட்டலத்தின் நூலை அவிழ்க்க முடியாமல் அவள் பல்லால் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதற்குமேல் பார்சல் வாங்க மனம் வரவில்லை. அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்து, அவள் சொல்லச் சொல்லச் சோறும் ரசமும் வைக்கப் பழகினேன். மூன்றாவது வாரம் அவளாகவே, "மீன் வாங்கிட்டு வாங்க. நான் சொல்றேன், நீங்க வைங்க" என்றாள்.

"உனக்கு நாத்தமடிக்குமே?"

"இத்தன வருஷமா அடிக்காததா?"

இந்தப் பதிலுக்கு மேல் பேச என்ன இருக்கிறது? பையை எடுத்துக்கொண்டு கீழவாசல் மார்க்கெட்டுக்குப் போனேன்.

அங்கே, எல்லாக் கற்றுக்குட்டிகளும் செய்கிற முதல் தப்பை நானும் செய்தேன். விலை கூடினால் தப்பு நேராது என்று நினைத்து வஞ்சிரம் வாங்கினேன். கறி வேகவைப்பது போல அரைமணி நேரம் கொதிக்கவிட்டேன். துண்டு துண்டாக மரத்தூள் கிடைத்தது. "கொதி வந்ததும் தீயைத் தணிக்கச் சொன்னேனா இல்லையா?" என்று நாற்காலியிலிருந்து அதட்டல் வந்தது.

அந்த வார்த்தை எனக்கு வேறொன்றை நினைவூட்டியது. நான் பள்ளிப் படிப்பைப் பிரெஞ்சில் படித்தவன். அங்கே மார்செய் துறைமுகத்தில் புய்யாபேஸ் என்று ஒரு மீன் சாறு உண்டு. இன்று பெரிய ஓட்டல்களில் பெரிய விலைக்கு விற்கிறார்கள். ஆதியில் அது மீனவர்கள் விலைபோகாத பாறைமீன்களைப் போட்டுத் தங்களுக்கு வைத்துக்கொண்ட சாறு. பெயரின் மூலம் என்னவென்று அகராதியைப் பார்த்தால், 'கொதி' என்பதற்கும் 'தணி' என்பதற்குமான இரண்டு சொற்கள் சேர்ந்தது என்கிறது. மார்செய் மீனவன் பெயரிலேயே எழுதிவைத்த விதியைத்தான் மீனே தின்னாத கும்பகோணத்துப் பெண் எனக்குச் சொன்னாள். கொதி வந்ததும் தணி. மீன் சமையலில் பாதி இதுதான்.

மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன்.

ஆட்டுக்கறிக்குத் தசைநாரைப் பிணைக்கும் சவ்வு அதிகம்; அது இளக நேரமாகும், குக்கர் வேண்டும். மீனுக்கு அந்தச் சவ்வு கொஞ்சம்தான். குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். நாரும் குட்டையானது. அதனால்தான் பத்து நிமிடத்துக்குள் வெந்துவிடுகிறது. வெந்ததைக் கண்டுபிடிக்க அனுபவம்கூட வேண்டாம். கண்ணாடி போலிருந்த சதை வெள்ளையாகும். விரலால் தொட்டால் இதழ் இதழாகப் பிரியும். விசில் எண்ண வேண்டாம், முதல் நாள் ஊறவைக்க வேண்டாம். சாம்பாருக்குப் பருப்பு வேகும் நேரத்தில் ஒரு மீன் சாப்பாடு முடிந்துவிடும். இதைப் போய்க் கடினம் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை.

அடுத்த முறை மத்தி வாங்கினேன். எங்கள் ஊர்ச் சாளையேதான். அது மலிவு. அதைவிட முக்கியம், அதில் கொழுப்பு அதிகம். இரண்டு நிமிடம் கூடுதலாக அடுப்பில் இருந்துவிட்டாலும் வறண்டு போகாது. கற்றுக்குட்டியின் தப்பைப் பொறுத்துக்கொள்ளும். வஞ்சிரம் பொறுக்காது. கானாங்கெளுத்தியும் மத்தியின் ஜாதிதான். ஆகவே ஆரம்பத்தில் விலை உயர்ந்த மீன் பக்கம் போகாதீர்கள். முள்ளுக்குப் பயந்தால் கிழங்கான் வாங்குங்கள், அல்லது முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி.

வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்கவேண்டும். கண் தெளிவாகத் துருத்திக்கொண்டிருக்கவேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்காமல் மேலே வரவேண்டும். ஆய்ந்து தரச் சொல்லுங்கள். சொல்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். வாங்கியதும் நேரே வீட்டுக்கு வாருங்கள். பையை வண்டியில் மாட்டிவிட்டுப் பேப்பர் கடையில் அரட்டையடிக்கக் கூடாது. மத்தி, கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். முகம் சிவந்து தடிப்பு வரும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. பிரெஞ்சில் மீனுக்கும் விஷத்துக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். இரண்டு 'எஸ்' போட்டால் மீன், ஒன்றை விட்டால் விஷம். சொல்வதெழுதலில் அந்த ஒற்றை எழுத்துக்காக நாங்கள் வாங்கிய அடி கொஞ்சமல்ல. சமையலில் அந்த எழுத்துக்குச் சமமானது நேரம்.

முதல் சாப்பாடு: ரசம் சாதத்துக்கு நெத்திலி. கால் கிலோ. மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு, அரை மூடி எலுமிச்சம்பழம். கால் மணி நேரம் ஊறட்டும். தோசைக்கல்லில் மூன்று கரண்டி எண்ணெய் விட்டு, காய்ந்த பிறகு பரப்புங்கள். கரண்டியை வைத்துக் கிண்டாதீர்கள். அடிப்பக்கம் முறுகினால் மீன் தானாகக் கல்லை விடும், அப்போது திருப்புங்கள். ஒட்டிக்கொள்கிறது என்று புலம்புகிறவர்கள் எல்லாரும் அவசரப்பட்டுத் திருப்புகிறவர்கள்.

இரண்டாவது: குழம்பு. அரைக் கிலோ மீனுக்கு எலுமிச்சை அளவு புளி. நல்லெண்ணெயில் வெந்தயம், பதினைந்து சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, இரண்டு தக்காளி. வீட்டுக் குழம்புத்தூள் மூன்று ஸ்பூன், உப்பு, புளிக்கரைசல். மீனைப் போடாமல் பச்சை வாசனை போய் எண்ணெய் மிதக்கும் வரை கொதிக்கட்டும். பிறகு மீனைப் போட்டு, கொதி வந்ததும் தணித்து, ஏழெட்டு நிமிடம். கரண்டி வேண்டாம், சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் போதும். இறக்கி அரைமணி நேரம் தொடாதீர்கள். புளி ருசிக்காக மட்டுமல்ல. மீன் வாடைக்குக் காரணமான பொருள் காரத்தன்மை உள்ளது, புளிப்பு அதை அடக்கிவிடும். மீன் ஆய்ந்த கையை நம் பெண்கள் புளி போட்டுத் தேய்த்ததும் இதே ரசாயனம்தான்.

மூன்றாவது: இறால். உரித்து, முதுகு நரம்பை எடுத்துவிட்டு, வெங்காயம் வதக்கி, மிளகுத்தூளும் உப்பும் போட்டு நான்கைந்து நிமிடம். பிறை போல வளைந்தால் வெந்தாயிற்று. மோதிரம் போலச் சுருண்டால் ரப்பர். கைப்பேசி வீடியோக்களில் இதற்குப் பதினெட்டுச் சாமான் அடுக்கிவைத்துப் பயமுறுத்துகிறார்கள். பட்டினப்பாலை காலத்துப் பூம்புகார்ப் பரதவர் இறாலைச் சுட்டே தின்றிருக்கிறார்கள். மிளகாய் இந்த நாட்டுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டு முந்திய சங்கதி அது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, விலை ஏறும். அந்த நாட்களில் நாட்டுப்படகில் வருவதையோ குளத்துக் கெண்டையையோ வாங்கலாம். மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம், நாகப்பட்டினம் மீனெல்லாம் வந்து இறங்கும் ஊரில் இருந்துகொண்டு, மீன் கிடைக்கவில்லை என்ற சாக்கும் செல்லாது.

இப்போது அந்தக் 'கைப்பக்குவம்' விஷயத்துக்கு வருகிறேன். என் கோபம் முழுதும் அந்தச் சொல்மீதுதான்.

விசைப்படகில் மூன்று நாள், நான்கு நாள் கடலில் தங்குகிறார்களே, அங்கே குழம்பு வைப்பது யார்? ஆண்கள்தான். கரைக்கு வந்து சாப்பிட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், அதற்கு ஈடான குழம்பு இல்லை என்பார்கள். ஊரூருக்கு இருக்கும் மிலிட்டரி ஓட்டலில் அடுப்பின் முன் நிற்பவர் யார்? நம் வீட்டுக் கல்யாணங்களில் ஆயிரம் பேருக்கு இலை போட வைக்கிறவர் யார்? நளபாகம், பீமபாகம் என்கிறோமே, அவர்கள் இருவரும் பெண்களா? கூலி கொடுத்தால் அது ஆண் செய்யும் தொழில், கூலி இல்லையென்றால் பெண்ணுக்கு வாய்த்த கைப்பக்குவம். இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு குமாஸ்தாவுக்கே புரிகிறது.

கணக்கு என்றதும் ஒரு புள்ளிவிவரம். 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள் என்று வந்தது. ஆண்கள் 97 நிமிடம். அந்த 97 நிமிடமும் வேலை செய்கிற ஆண்களின் கணக்குதான். அப்படிச் செய்கிறவர்கள் நூற்றுக்கு 26 பேர். பெண்களில் 81 பேர். எனக்கு அறுபது வயதில் ஓய்வு ஆணை கொடுத்து, மாலை போட்டு, வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள். அன்று ராத்திரியும் அவள்தான் அடுப்பைப் பற்றவைத்தாள்.

"உன் கைப்பக்குவம் யாருக்கு வரும்" என்று நாமெல்லாம் மனைவியிடம் சொல்லியிருக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். பாராட்டு என்றுதான் நினைத்துச் சொன்னேன். ஆனால் அதன் உள்ளே இருக்கும் அர்த்தம், 'ஆகவே நீயே செய்துகொண்டிரு' என்பது. இருபது வயதில் வாந்தி எடுத்துக்கொண்டே கற்றவளுக்குப் பிறவியிலேயே பக்குவம் இருந்ததா? கட்டாயம் இருந்தது, கற்றாள். நமக்குக் கட்டாயம் இல்லை, கற்கவில்லை. இதுதான் உண்மை.

கட்டாயம் ஒருநாள் நமக்கும் வரும். திருவையாறு பக்கத்தில் எனக்கு ஒரு நண்பர். நல்ல வீடு, கொல்லையில் தென்னை, நடக்கும் தூரத்தில் ஆறு. மனைவி காலமானார். நான்கு மாதம் மெஸ் சாப்பாடு சாப்பிட்டுப் பார்த்தார். வயிறு கெட்டது, சர்க்கரை ஏறியது. பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். மகனும் மருமகளும் தங்கமானவர்கள். போனில் கேட்டேன், எப்படி இருக்கிறீர்கள் என்று. "குறை ஒண்ணும் இல்ல சார். எனக்குப் பசிக்கிற நேரம் வேற, அவங்க சாப்பிடற நேரம் வேற. கேக்கவும் கூச்சமா இருக்கு" என்றார். அரை மணி நேரச் சமையல் தெரிந்திருந்தால் அந்த மனிதர் இன்று தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். வெந்நீர் வைக்கத் தெரியாது என்று சிரிக்கும்போது எனக்கு அவர் குரல்தான் கேட்கிறது.

ஆட்சேபணைகள் வரும், தெரியும். "பெண்களே நம்மை அடுப்படியில் விடமாட்டார்கள்" என்பார்கள். இதில் உண்மை உண்டு. நான் எண்ணெயைச் சிந்தியபோதும், அவள் சாம்பார்ச் சட்டியில் மீனை வைக்கப் போனபோதும் என் மனைவி போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அதற்கு மருந்து, மீனுக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி, சமைத்ததும் கழுவிவைப்பது. மேடையைத் துடைக்காமல் வெளியே வருகிறவனை யார்தான் உள்ளே விடுவார்கள்?

"ராத்திரியில் மீன் ஆகாது" என்பார்கள். காலையில் வந்த மீன் பிரிட்ஜ் இல்லாத காலத்தில் ராத்திரி வரை தாங்காது என்று ஏற்பட்ட வழக்கம் அது. "வயதாகிவிட்டது, இனிமேலா?" என்பார்கள். கைப்பேசியில் பணம் அனுப்ப எழுபதில் கற்றுக்கொள்ளவில்லையா? "வேண்டியதைப் போனில் வரவழைக்கலாமே" என்பார்கள். வரவழையுங்கள். அந்த உப்பையும் எண்ணெயையும் உங்கள் ரத்த அழுத்த மாத்திரையிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள்.

மணிக்கட்டு சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அவளை நான் மீன் தொடவிட்டதில்லை. அவளுக்குச் சைவச் சமையல் அவள் இஷ்டம். முடியாத நாளில் அதையும் நான் வைக்கிறேன். மீன் வைக்கிற அன்று மட்டும் பழக்கதோஷத்தில் எட்டிப் பார்த்து ஆவியை முகர்வாள். "உப்பு?" என்பேன். பெரும்பாலும் ஒரு கல்லு கம்மியாகத்தான் இருக்கிறது.

அந்தக் கூட்டத்து நண்பருக்குக் கடைசியாக ஒன்று. அடுத்த கூட்டம் முடிந்ததும் நீங்கள் என் வீட்டுக்கு வாருங்கள். கால் கிலோ நெத்திலி ஆய்ந்து, கழுவி, மசாலா தடவி வைத்திருக்கிறேன். அடுப்பைப் பற்றவைப்பதும் தோசைக்கல்லைப் போடுவதும் வறுத்து எடுப்பதும் உங்கள் வேலை. ரசத்துக்கு நான் பொறுப்பு. போகும்போது வெந்நீர் வைக்கவும் சொல்லித் தருகிறேன்.